முகப்பில் 4 பாகை, உள்ளே உறைந்த தயிர்

எங்கள் வீட்டு பிரிட்ஜின் முகப்பில், நாங்கள் வைத்திருந்த 4 என்ற எண் வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தது. உள்ளே நடுத்தட்டில் தயிர்ச் சட்டி உறைந்து கிடந்தது. வல்லாரைக் கட்டைக் கையில் எடுக்கவே நொறுங்கியது. "என்ன மனே இது, மேல் பெட்டியும் கீழ்ப் பெட்டியும் ஒண்டாப் போச்சே" என்றார் அம்மா. தயிரும் கீரையும் போனால் போகட்டும், நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம். அதே தட்டில் பின்பக்கமாக அம்மாவின் இன்சுலின் குப்பிகள் இருந்தன. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பகீரென்றது.

இன்சுலின் வைத்திருக்கும் வீட்டுக்காரர்களுக்கு இதை முதலில் சொல்லிவிடுகிறேன். திறக்காத குப்பி 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். சூடு பட்டால் வீரியம் மெல்ல மெல்லக் குறையும். உறைந்துவிட்டால் அந்தக் குப்பி அதோடு சரி. உருகிய பிறகு பார்வைக்கு நல்லதாக இருந்தாலும் போடக் கூடாது. பால் நிறத்தில் இருக்கும் வகையில் சிலவேளை கட்டி கட்டியாகத் தெரியும். தெளிவாக இருக்கும் வகையில் எந்த அடையாளமும் இல்லாமலே போகலாம். ஆகவே சந்தேகம் வந்தால் எறிந்துவிட வேண்டும். நாங்களும் எறிந்துவிட்டு, கிளினிக்கில் விஷயத்தைச் சொல்லி வேறு எடுத்தோம். புதிதாக எடுத்தவற்றைப் பக்கத்து வீட்டு மாமியின் பிரிட்ஜில் வைத்தோம். பாவனையில் இருந்த ஒன்றை மட்டும் மண்சட்டிக்குள் வைத்தோம். பெரிய சட்டி, அதற்குள் சின்னச் சட்டி, இடையில் ஈர மணல், மேலே ஈரத்துணி. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது பழகியது. பிரிட்ஜ் அளவுக்கு அது குளிராது. ஆனால் கச்சான் காற்று அடிக்கிற வரண்ட நாட்களில் அறையைவிட நன்றாகவே குளிர்ச்சியாக இருக்கும்.

இனி பிரிட்ஜுக்கு வருவோம். திருத்த வந்த பாஸ் அனுபவமுள்ள ஆள். பின்பக்கம் திறந்தார், சென்சரைக் கழற்றி மல்ட்டிமீட்டரில் பிடித்துப் பார்த்தார், "சென்சர் வேலை செய்யுது சேர், போர்ட்தான் போயிருக்கு" என்றார். போர்ட் என்றால் பிரிட்ஜை இயக்கும் மின்சுற்றுப் பலகை. அவர் சொன்ன விலைக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாவித்த பிரிட்ஜ் ஒன்றே வாங்கிவிடலாம். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். அவர் ஏமாற்றப் பார்த்தார் என்று நான் சொல்லமாட்டேன். அளந்தது உண்மை, மீட்டர் காட்டிய எண்ணும் உண்மை. ஆனால் குளிரில் வேலை செய்யும் ஒரு சாமானை அவர் எங்கள் மட்டக்களப்புக் கல்லடி வெயிலில் வைத்து அளந்தார். அதில்தான் விஷயம் இருக்கிறது.

அந்தச் சென்சர் என்பது பெரிய சங்கதி இல்லை. சுண்டுவிரல் நுனியளவு பிளாஸ்டிக் மூடி, அதிலிருந்து இரண்டு மெல்லிய வயர். மூடிக்குள் ஒரு தெர்மிஸ்டர். சூடு கூடினால் அதன் மின்தடை குறையும், குளிர் கூடினால் தடை கூடும். போர்ட்டில் இருந்து 5 வோல்ட்டோ 3.3 வோல்ட்டோ ஒரு நிலையான தடை வழியாக அதற்கு வருகிறது. இரண்டும் சேரும் இடத்தில் எவ்வளவு வோல்ட் நிற்கிறது என்று பார்த்துத்தான் போர்ட் வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. போர்ட்டுக்கு உள்ளே எட்டிப் பார்க்கக் கண் கிடையாது. சென்சர் 9 பாகை என்று சொன்னால் போர்ட்டுக்கும் 9 பாகைதான். வயர் அறுந்தாலோ இரண்டு வயரும் தொட்டுக்கொண்டாலோ தடை எட்டாத எல்லைக்குப் போய்விடும். அப்போது பெரும்பாலான போர்ட்டுகள் கண்டுபிடித்துப் பிழைக் குறியீடு காட்டும். சென்சர் பாதி உண்மை பாதி பொய் சொன்னால் ஒரு குறியீடும் வராது. எங்கள் வீட்டில் வராததும் அதனால்தான்.

சென்சர்களின் தடைக்கு 5 கிலோ ஓம், 10 கிலோ ஓம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அது பெரும்பாலும் 25 பாகையில் உள்ள அளவு. மட்டக்களப்பில் பகலில் 25 பாகை என்பது மழைக்காலத்தில்தான் கிடைக்கும். கச்சான் காலத்தில் எங்கள் குசினிக்குள் 30 பாகைக்குக் குறையாது. 30 பாகையில் 10 கிலோ ஓம் சென்சர் 8 கிலோ ஓமை ஒட்டிக் காட்டும், 5 கிலோ ஓம் சென்சர் 4 கிலோ ஓமை ஒட்டிக் காட்டும். அது பழுது இல்லை, அதுதான் சரி. "பத்துக் காட்ட வேண்டிய இடத்தில் எட்டுக் காட்டுது" என்று நல்ல சென்சரைத் தூக்கிப்போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே அறைக்குள் அளப்பதாக இருந்தால் பக்கத்தில் ஒரு வெப்பமானி கட்டாயம் இருக்க வேண்டும்.

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். ஆய்வுகூடத்தில் பாவிக்கிற மைனஸ் 10 முதல் 110 பாகை வரையான வெப்பமானி ஒன்று கைவசம் இருந்தது. முதல் வேலையாக, முகப்பு எண்ணை நம்பாமல் உள்ளே உண்மையில் எவ்வளவு என்று பார்த்தேன். காற்றில் வைத்தால் கதவைத் திறக்கும்போதே எண் ஏறிவிடும், அதனால் ஒரு கிளாஸில் தண்ணீர் எடுத்து அதற்குள் வைக்க வேண்டும். உறைகிற பிரிட்ஜுக்குள் சும்மா தண்ணீர் வைத்தால் வெப்பமானியோடு சேர்ந்து உறைந்துபோகும் என்பதால் நன்றாக உப்புக் கரைத்தேன். இரவு முழுக்க நடுத்தட்டில் விட்டு, விடியற்காலை கதவைத் திறந்ததும் வாசித்தேன். மைனஸ் 3. முகப்பில் அப்போதும் 4. கம்ப்ரஷர் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த அறிகுறிக்குச் சென்சர் மட்டுமே காரணம் என்று முடிவு கட்டக் கூடாது. பனி பிடிக்காத வகை பிரிட்ஜ்களில் குளிர் பிறப்பது மேலே ஃப்ரீசரில். ஒரு ஃபேன் அந்தக் காற்றைத் தள்ளும், அது சின்னக் கதவு ஒன்றின் வழியாகக் கீழே வரும். அந்தச் சின்னக் கதவில் ஐஸ் பிடித்துத் திறந்தபடியே நின்றுவிட்டாலும் கீழ்ப் பெட்டி உறையும். எங்கள் பிரிட்ஜில் அது நல்லபடி அசைந்தது. காற்று வரும் வாய்க்கு நேரே சாமான் வைத்தால் அந்தச் சாமான் மட்டும் உறையும். எங்களுக்கு எல்லாத் தட்டுமே உறைந்தது. எதிர்ப் பக்கமாக, குளிர் போதாது என்றால் கதவு ரப்பரையும் ஃபேனையும் பார்க்காமல் சென்சருக்குப் போவதில் அர்த்தமில்லை. கதவு இடுக்கில் ஒரு கடதாசியை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் அந்த இடத்தில் பிடிக்கவில்லை.

பிளக்கைக் கழற்றிவிட்டு உட்சுவரில் சென்சர் இருக்கும் துளைகள் கொண்ட சின்ன மூடியை நெம்பினேன். வயரின் முனையில் இருந்த கனெக்டரைப் பிரித்தேன். போர்ட்டோடு சேர்ந்திருக்கும்போது அளந்தால் போர்ட்டில் உள்ள தடையும் கணக்கில் வந்து குழப்பும், ஆகவே பிரித்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். மேலே ஃப்ரீசரில் இருந்த சென்சரையும் கழற்றினேன். என் பிரிட்ஜில் இரண்டும் ஒரே வகை. ஒன்றை வைத்து மற்றதைச் சோதிக்கலாம், கம்பனியின் அட்டவணை கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது.

மேசையில் வைத்து அளந்தேன், அறை 30 பாகை. ஃப்ரீசர் சென்சர் 4.1 கிலோ ஓம். சந்தேகத்துக்குரிய கீழ்ப் பெட்டிச் சென்சர் 3.6. வித்தியாசம் உண்டுதான், ஆனால் போர்ட்டைக் குற்றம் சொல்ல வந்தவர் இதைப் பெரிதாக எடுக்காததில் வியப்பில்லை. இரண்டுமே ஏறக்குறைய நாலு, இரண்டுமே "வேலை செய்யுது".

அப்புறம் ஐஸ் வைத்தேன். குடிதண்ணீரில் செய்த ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றி உடைத்து, கிளாஸ் நிறையப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டுக் கலக்கினேன். ஐஸும் தண்ணீரும் சேர்ந்து கிடக்கும் வரை அது 0 பாகையில் நிற்கும். இதைவிட மலிவான, இதைவிட நம்பகமான அளவுகோல் எந்த வீட்டிலும் கிடையாது. மீன் வாங்கும்போது கிடைக்கும் ஐஸைப் பாவிக்க வேண்டாம். உப்புத் தண்ணீர் பட்ட ஐஸ் 0 பாகைக்குக் கீழே போய்விடும், கணக்குத் தப்பும். சென்சரின் தலைப்பகுதி மட்டும் முழுக வேண்டும், கனெக்டர் நனையக் கூடாது. இரண்டு சென்சரையும் ஒரே கிளாஸில் வைத்து, எண் அசையாமல் நிற்கும் வரை காத்திருந்தேன்.

ஃப்ரீசர் சென்சர் 13.3 கிலோ ஓமில் வந்து நின்றது. மற்றது 9.2 வரை வந்தது, ஆனால் நிற்கவில்லை. 9.2, 9.0, 9.3 என்று அலைந்துகொண்டே இருந்தது. அந்த 9.2 கிலோ ஓமை நல்ல சென்சர் ஒன்று காட்ட வேண்டுமென்றால் வெப்பநிலை 9 பாகையளவில் இருக்க வேண்டும். அதாவது உள்ளே 0 பாகை இருக்கும்போது எங்கள் சென்சர் போர்ட்டிடம் 9 பாகை என்று சொல்லியிருக்கிறது. போர்ட் பாவம், இன்னும் குளிர வேண்டும் என்று கம்ப்ரஷரை ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அதை மாற்றினாலும் புதுப் போர்ட்டும் இதையேதான் செய்திருக்கும்.

அறையில் அரைக் கிலோ ஓம் வித்தியாசம், ஐஸில் நாலு கிலோ ஓம் வித்தியாசம். ஏன் என்று யோசித்தபோது எனக்குள் இருந்த ஆசிரியனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பிளாஸ்டிக் மூடியின் ஓரத்தில் ஈரம் புகுந்திருக்கிறது. இரண்டு கம்பிக்கும் இடையில் அந்த ஈரம் ஒரு கள்ளப் பாதை போட்டிருக்கிறது, தெர்மிஸ்டருக்குச் சமாந்தரமாக இன்னொரு தடை. அது 30 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்சர் 4.1 கிலோ ஓமாக இருக்கும்போது மின்னோட்டத்துக்கு நேர்வழியே சுகம், கள்ளப் பாதையில் போவது கொஞ்சம்தான், மொத்தம் 3.6. சென்சர் 13.3 ஆகும்போது நேர்வழி கடினமாகிவிடுகிறது, கள்ளப் பாதையில் நிறையப் போகிறது, மொத்தம் 9.2. பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்கிற சமாந்தரத் தடைக் கணக்கு, அப்படியே பொருந்துகிறது. குளிர் கூடக் கூடப் பொய்யும் கூடும். வெயிலில் ஈரமெல்லாம் காய்ந்துவிட்டால் சென்சர் நல்ல பிள்ளையாகிவிடும். கழற்றியதைச் சன்னல் ஓரத்தில் போட்டுவைத்து மறுநாள் அளந்து "நல்லாத்தான் இருக்கு" என்று திரும்பப் பூட்டினால் ஒரு கிழமை ஒழுங்காக ஓடும், மறுகா பழைய குருடி கதவைத் திறடி. கழற்றிய கையோடு ஐஸில் வைத்துவிட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் பார்த்தேன். காத்தான்குடியில் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "சேர், எங்கட உம்மாட பிரிட்ஜ் கூலாகவே இல்ல, ஒருக்கா வந்து பாருங்க" என்றான். போனேன். ஐஸில் வைத்தால் சென்சர் அச்சொட்டாகச் சரி. கனெக்டரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பச்சைக் களிம்பு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய நிலத்துண்டில் குடியிருக்கிறோம். உப்புக் காற்று செப்பைச் சும்மா விடாது. களிம்பு என்பது சென்சரோடு தொடராகச் சேர்ந்த தடை. தடை கூடினால் போர்ட் அதைக் குளிர் என்று வாசிக்கும், கம்ப்ரஷரை வேளைக்கே நிறுத்திவிடும், உள்ளே மீன் நாறும். இந்த வகைத் தெர்மிஸ்டரில் 4 பாகைக்குப் பக்கத்தில் ஒரு பாகைக்கு நாலு ஐந்து சதவீதம்தான் தடை மாறுகிறது. அதனால் களிம்பு சில ஓம் மட்டும் சேர்த்தால் ஒன்றும் தெரியாது; கிலோ ஓம் கணக்கில் சேர்த்தால்தான் பல பாகைகள் தவறாக வாசிக்கவைக்கும். கனெக்டரைச் சுத்தம் செய்து அமர்த்திப் பூட்டியதும் அந்த பிரிட்ஜ் குளிர்ந்தது. உம்மா கையோடு ஒரு பார்சல் சாப்பாடு கட்டித் தந்தார்.

ஃப்ரீசருக்குள் பின் தட்டுக்கு உள்ளே, குளிர்க்குழாய்களோடு கவ்வி வைத்திருக்கும் மூன்றாவது சென்சர் ஒன்றும் பல பிரிட்ஜ்களில் உண்டு. பனி உருக்கும் ஹீட்டரை எப்போது நிறுத்துவது என்று போர்ட்டுக்குச் சொல்வது அதுதான். அதுவும் ஈரம் குடித்துச் சூடாக வாசித்தால் பனி உருகி முடியுமுன் ஹீட்டர் நின்றுவிடும். பனி நாளுக்கு நாள் கட்டிக்கொண்டு போய், காற்றுப் போகும் வழியையே அடைக்கும். மேலே ஐஸ்கிறீம் நல்ல உறைவில் இருக்கும், கீழே பால் திரியும். "காஸ் குறைஞ்சு போச்சு" என்று சொல்லப்படும் பிரிட்ஜ்களில் இப்படிப்பட்டவையும் இருக்கின்றன என்பது என் நம்பிக்கை. காஸ் நிரப்பச் சம்மதிக்கும் முன் பின் தட்டைத் திறந்து பனி எப்படிப் படிந்திருக்கிறது என்று காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

இதைச் செய்ய நினைப்பவர்கள் இரண்டு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். இன்வேர்ட்டர் வகை பிரிட்ஜ் என்றால் பிளக்கைக் கழற்றிய பிறகும் போர்ட்டில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். போர்ட் பக்கம் போகவே வேண்டாம், சென்சரின் கனெக்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்தது, இப்போது வரும் பல வீட்டு பிரிட்ஜ்களில் ஓடுவது ஆர் 600ஏ என்ற வாயு, ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கும். கத்தியால் பனியைக் குத்திக் குழாயைத் துளைத்துவிட்டால் வீட்டுக்குள் எரிவாயு கசிந்த மாதிரி. பனியைத் தானாக உருக விடுங்கள். வயரை ஒட்ட ஈயம் உருக்க வேண்டியிருந்தால் சன்னல்களைத் திறந்துவைத்துவிட்டுச் செய்யுங்கள், கொஞ்சம்கூட வாயுக் கசிவுச் சந்தேகம் இருந்தால் செய்யவே வேண்டாம். பழைய மாடல், உள்ளே திருகும் குமிழ் மட்டும்தான் என்றால் இந்தப் பதிவு உங்களுக்கு இல்லை. அதில் தெர்மிஸ்டர் இல்லை, வாயு நிரப்பிய மெல்லிய குழாயும் ஒரு சுவிட்சும்தான்.

புதுச் சென்சர் சில நூறு ரூபாயோடு முடிந்தது. கடையில் "பிரிட்ஜ் சென்சர்" என்று மட்டும் கேட்டால் கையில் அகப்படுவதைத் தருவார்கள், பழையதைக் கொண்டுபோய் ஓமைச் சொல்லிக் கேளுங்கள். 5 கிலோ ஓம் இருந்த இடத்தில் 10 கிலோ ஓம் பூட்டினால் 20 பாகைச் சூட்டை போர்ட் 2 பாகை என்று எடுத்துக்கொள்ளும், கம்ப்ரஷர் அதோடு நின்றுவிடும், உள்ளே குளிரவே குளிராது. புதியது என்பதற்காக நம்பிவிடவும் வேண்டாம். நான் வாங்கி வந்ததையும் முதலில் ஃப்ரீசர் சென்சரோடு சேர்த்து ஐஸில் வைத்தேன், இரண்டும் ஒரே எண்ணில் நின்ற பிறகுதான் பூட்டினேன். வயரை வெட்டி ஒட்ட வேண்டி வந்தால் வெறும் டேப் சுற்றி விடாதீர்கள். உள்ளே பசை உள்ள சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் அந்த ஒட்டுக்குள்ளேயே ஈரம் மறுபடி கள்ளப் பாதை போடும். இப்போது உப்புத்தண்ணீர்க் கிளாஸில் 3 முதல் 5 பாகைக்குள் நிற்கிறது. அம்மாவின் குப்பிகளை மாமி வீட்டிலிருந்து எடுத்துவந்துவிட்டோம்; பின்சுவரில் முட்டாமல், நடுத்தட்டின் முன்பக்கமாக ஒரு சின்ன ரெஜிபோம் (தெர்மகோல்) பெட்டிக்குள் வைத்திருக்கிறோம்.